நாற்பத்தெட்டில் ஒரு பங்கு

அட்டைப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே விமானம் இல்லை. மூடியின் மேல் படம் மட்டும் இருந்தது. கடலுக்கு மேலே பறக்கிற விமானம். சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு தோணிகள். உள்ளே இருந்ததெல்லாம் பிளாஸ்டிக் சட்டங்கள். காம்பில் முருங்கை இலை ஒட்டியிருப்பது போல ஒவ்வொரு சட்டத்திலும் சின்னச் சின்னத் துண்டுகள். தம்பி அவற்றைக் கட்டிலின் மேல் வரிசையாகப் பரப்பினான். நான் புளி உலுக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன். தலையெல்லாம் தூசி. "இன்னாடா, உடைஞ்சி போனதா பாத்து வாங்கினு வந்துட்டியா?" என்று கேட்டேன். "உடைஞ்சதில்லணா, இன்னும் ஆவாதது" என்றான்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். அப்பா போன பிறகு நிலத்தைப் பார்க்க ஆள் வேண்டும், நின்றுவிட்டேன். தம்பி என்னைவிட ஒன்பது வயது சின்னவன். படித்தான். எங்கள் மலை ஊரிலிருந்து கடற்படைக்குப் போனவன் அவன் ஒருவன்தான். சேருகிற நாள்வரை அவன் கடலைப் பார்த்ததில்லை. கப்பலில் வந்து இறங்குகிற ஹெலிகாப்டர்களைப் பழுது பார்க்கிற வேலை. அம்மாவுக்குக் கடலென்றால் பயம். டிவியில் புயல் என்று சொல்லிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. அது எந்தக் கரைக்கு வருகிற புயல் என்றெல்லாம் அவளுக்குக் கணக்கில்லை. அவன் போன் பண்ணி, "கரையிலதாம்மா இருக்கறேன், நீ சாப்டு" என்று சொன்ன பிறகுதான் தட்டை எடுப்பாள்.

அந்த வருடம் லீவில் வந்தபோதுதான் அந்தப் பெட்டி வந்தது. அவனோடு வேலை பார்க்கிற ஒருவர் இப்படி விமானம் செய்கிறவராம். அவரைப் பார்த்து இவனுக்கும் பிடித்துக்கொண்டது. அது இரண்டாம் உலகச் சண்டைக் காலத்து விமானம் என்றான். அன்றைய சண்டைக் கப்பல்களில் விமானம் ஓடுவதற்கு இடம் கிடையாது. ஒரு தண்டவாளத்தின் மேல் ஏற்றிக் கவண் போல எறிந்துவிடுவார்கள். மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து போய், எதிரியின் கப்பல் எங்கே இருக்கிறதென்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். வந்து கடல்மேல்தான் இறங்க வேண்டும். கப்பலிலிருந்து கொக்கி போட்டுத் தூக்கிக்கொள்வார்கள். சாமைக்கு வருகிற குருவியின் மேல் பரணிலிருந்து எறிகிற கவண்தான் எனக்குத் தெரியும். எறிந்த கல் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. "அலை பெருசா இருந்தா இன்னா பண்ணுவாங்க?" என்றேன். "சிலது வராதுணா" என்றான்.

எல்லாம் நிஜத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு என்று விளக்கினான். இறக்கை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓர் அடி. அந்தக் கணக்குக்கு நான் எவ்வளவு உயரம் என்று அளந்து பார்த்து, தன் கட்டைவிரல் நுனியிலிருந்து முதல் கணுவரை காட்டினான். "நீ இவ்ளோதாண்ணா." புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமல் சொன்னாள்: "பேச்சுல அவன் எப்பவோ அந்த சைசுக்கு வந்துட்டான்." தம்பி சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு அவனுக்கும் ஒன்று வைத்தாள். "நீ இன்னா பெருசா? முப்பது வயசாவுது. பொண்ணு பாக்கலாண்டான்னா பொம்மை பண்ணினு உக்காந்திருக்கற."

லீவு முழுவதும் அந்தக் கட்டில்தான் அவனுக்கு இடம். ஒரு துண்டைச் சட்டத்திலிருந்து வெட்டுவான். வெட்டிய இடத்தை உப்புத்தாளால் தேய்ப்பான். விரலால் தடவுவான். மறுபடி தேய்ப்பான். பசை ஊசிமுனை அளவு. அதற்குமேல் ஒரு துளி போனால் துடைத்துவிட்டு முதலிலிருந்து. விமானிகள் உட்காருகிற இருக்கைகளுக்கு வார் வேண்டுமென்று காகிதத்தில் நூல் அகலத்துக்குக் கீறி எடுத்தான். அவர்களுக்கு முன்னால் இருக்கிற, மிளகில் பாதிகூட இல்லாத கடிகார முகங்களுக்கு முள் வரைந்தான். மூச்சை அடக்கிக்கொண்டுதான் வரைவான். மீந்த பிளாஸ்டிக் குச்சியைச் சிம்னி விளக்கில் காட்டி இரண்டு பக்கமும் இழுத்தால் தலைமுடி போல நீண்டு வரும். அதை விமானத்தின் முதுகில் கம்பியாகக் கட்டினான். நாற்றம் தாங்காமல் அம்மா வெளியே போய் உட்கார்ந்துகொள்வாள். மேல்கண்ணாடியை ஒட்டி மூடப்போகிற அன்று நான் கேட்டேன்: "இத மூடிட்டா, உள்ள இருக்கறத யாருடா பாக்கப் போறாங்க?" அவன் யோசிக்கவே இல்லை. "உள்ள உக்காந்திருக்கறவன் பாப்பாண்ணா."

அவன் செய்த இன்னொரு காரியத்துக்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை. கொல்லையில் கிடந்த துருப்பிடித்த தகரத்தைப் போனில் படம் எடுத்தான். பம்புசெட்டில் ஆயில் வழிந்த தடத்தை எடுத்தான். என் அரிவாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "புடி இந்த எடத்துல மட்டும் ஏண்ணா வழவழன்னு இருக்குது?" என்றான். "கை படற எடம்" என்றேன். அதையும் படம் எடுத்துக்கொண்டான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

பனியில் பெயின்ட் காயாது. தூசி படாமல் கூடையைக் கவிழ்த்து மூடி வைத்து, மூன்று நாள் காயவிட்டான். வெளிர் சாம்பல் நிறம். கூடையைத் தூக்கியபோது கடையிலிருந்து அன்றைக்கே எடுத்துவந்த பாத்திரம் போலச் சுத்தமாக இருந்தது. அம்மாகூட வாயைத் திறந்து, "நல்லாத்தான் இருக்குது" என்றாள். "பாதிதாம்மா ஆயிருக்குது. மீதிய அங்க போய்ப் பண்ணணும்" என்றான் அவன். எனக்கு அதில் மீதி எதுவும் தெரியவில்லை. இலவம் பஞ்சு வைத்துப் பெட்டியில் கட்டிக் கொடுத்தேன். ஆலங்காயம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனான். "வர்றேண்ணா" என்றான். கையை ஆட்டவில்லை, இரண்டு கையும் பெட்டியில் இருந்தன.

எட்டு மாதம் கழித்துச் செய்தி வந்தது. கடல் அவனை ஒன்றும் செய்யவில்லை. வேலை முடிந்து பைக்கில் அறைக்குத் திரும்பும்போது ரோட்டில் ஒரு லாரி. பகல் நேரம். மழைகூட இல்லை. அம்மா முதலில் நம்பவில்லை. "இன்னிக்கிப் புயலே இல்லியேடா" என்று என்னிடமே திரும்பத் திரும்பச் சொன்னாள். சவப்பெட்டி வண்டியில் மலை ஏறி வந்தது. செய்ய வேண்டியதைச் செய்தேன்.

காரியம் முடிந்து ஒரு வாரத்தில் அவனுடைய தகரப் பெட்டி வந்தது. செத்தவர்களின் பொருள் வெளியூரிலிருந்து வந்தால் எங்களூரில் அப்படியே வீட்டுக்குள் எடுக்க மாட்டோம். வாசலிலேயே வைத்துக் கழுவிய பிறகுதான் உள்ளே போகும். துணிமணியைத் துவைத்தோம். சவர செட்டு, டம்ளர், ஷூ, பெல்ட் எல்லாவற்றையும் கழுவினோம். பெட்டியின் அடியில், நான் வைத்துக் கொடுத்த அதே பஞ்சில், விமானம் இருந்தது.

அழுக்காக இருந்தது. ஒரு பக்கம் புகைக் கறுப்பு, ஒரு பக்கம் எண்ணெய் வழிந்த தடம். தோணிகளின் மேல் வெள்ளையாக என்னமோ பூத்திருந்தது. அங்கங்கே பெயின்ட் போய் உள்ளே ஈயம் போலத் தெரிந்தது. அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "கொழந்த மாதிரி எடுத்துனு போனானேடா, எங்க போட்டு வச்சிருந்தாங்க இத?" என்றாள். அவன் போன பிறகு யாரோ மூலையில் போட்டுவிட்டார்கள் என்று எனக்கும் பட்டது. அம்மா தண்ணீர் ஊற்றினாள், நான் துடைத்தேன். சீயக்காய்க்குப் பாதி போயிற்று. எண்ணெய்க் கறைக்கு மண்ணெண்ணெய்தான் கேட்கும். பம்புசெட்டுக்கு வைத்திருந்த பாட்டிலை எடுத்துவந்து, விளக்குத் திரியை நனைத்து, இண்டு இடுக்கு விடாமல் எடுத்தேன். ஒரு பொழுது முழுக்க ஆனது. முதுகில் கட்டியிருந்த முடி போன்ற கம்பிகூட அறுபடவில்லை. பெயின்ட் போன மாதிரித் தெரிந்த ஈய நிறமும் திரியோடு வந்துவிட்டது. கீழே சாம்பல் நிறம் பழையபடி தெரிந்தது. அத்தனை நாளில் அன்றைக்குத்தான் அம்மா ஒரு பிடி சோறு கூடுதலாகச் சாப்பிட்டாள். அவனுக்கு ஏதோ ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டோம் என்று எனக்கும் இருந்தது.

அடுத்த தையில் அவனுடைய நண்பர் வந்தார். விமானம் செய்வதை அவனுக்குக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். தெற்கத்திப் பக்கத்துக்காரர். ஒரு பலகை கொண்டு வந்திருந்தார். அதன்மேல் கடல். அலையும் நுரையும் நிஜம் போலவே இருந்தன. விமானத்தை வைக்க இரண்டு பேரும் சேர்ந்து பாதி செய்து வைத்திருந்தார்களாம். மீதியை அவர் முடித்திருந்தார். அம்மா அலமாரியிலிருந்து விமானத்தை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"பாரு கண்ணு, அங்க எவ்ளோ அழுக்கா போட்டு அனுப்பிட்டாங்க. நானும் பெரியவனும் ஒரு நாள் பூரா உக்காந்து சுத்தம் பண்ணோம்" என்றாள் அம்மா.

அவர் விமானத்தைத் திருப்பவில்லை. "நல்லா வச்சிருக்கீங்கம்மா" என்றார். சாப்பிடும்போது சரியாகச் சாப்பிடவில்லை.

பஸ் நிற்கிற இடம்வரை கூடப் போனேன். "இன்னா விஷயம், சொல்லுங்க" என்றேன். "ஒண்ணுமில்லண்ணே" என்றார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு போனை எடுத்துக் காட்டினார்.

நான் மண்ணெண்ணெய் போடுவதற்கு முந்தைய விமானம். இஞ்சினுக்குப் பின்னால் கறுப்பு அடர்த்தியாகத் தொடங்கி, வால் பக்கம் போகப் போகப் புகையாகக் கரைந்திருந்தது. தோணியில் பூத்திருந்தது கடல் உப்பு காய்ந்த கோடு. அலை எதுவரை ஏறியது என்று அதைப் பார்த்தே சொல்லலாம். ஒவ்வொரு கறையும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. "செஞ்சு முடிச்சதும் இது பொம்மைண்ணே. பறந்து வந்ததா ஆக்குறதுதான் வேலை. நாலு மாசம் பண்ணான்" என்றார் அவர். இறக்கை உடம்போடு சேருகிற இடத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். பாதம் பதிகிற அகலத்துக்கு வழவழப்பாகத் தேய்ந்தது போலப் பெயின்ட் வைத்திருந்தான். "ஆளு ஏறி எறங்குற எடம். எங்கண்ணன் அருவாப் புடி மாதிரி தேயணும்பான். அந்தப் படத்தப் பாத்துப் பாத்துத்தான் செஞ்சான்."

நாலு மாதம். நான் ஒரு பொழுதில் எடுத்துவிட்டேன்.

"குடுங்கண்ணே, இந்தப் படத்த வச்சு அதே மாதிரி நான் பண்ணித் தர்றேன்" என்றார். நல்ல மனிதர். "வேணாங்க. அப்புறம் அது உங்க கைவேலையா ஆயிடும்" என்றேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். படங்களை என் போனுக்கு அனுப்பிவிட்டு பஸ் ஏறினார்.

வீட்டில் வைத்து அந்தப் படங்களை நான் பார்ப்பதில்லை. நிலத்தில் பார்ப்பேன். "மீதி இன்னாடா?" என்று அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான். கேட்டால் சொல்லாதவன் இல்லை அவன். ஒரு நாள் முழுக்கச் சொல்லியிருப்பான். என் அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றான். பேச்சு குறைந்தவன் என்று என்னை எல்லாரும் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள்.

போன மாதம் ஒரு நாள் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிம்னிக் கரியை விரலில் தொட்டு, படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இஞ்சினுக்குப் பின்னால் ஒரே ஓர் இழுப்பு இழுத்தேன். அவனுடையது புகை. என்னுடையது பிள்ளைக்கு வைக்கிற திருஷ்டிப் பொட்டு போல இருந்தது. துடைக்க மனம் வரவில்லை. அப்படியே பலகைக் கடலின் மேல் வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து நிலத்திலிருந்து வந்தபோது அம்மா அலமாரி முன்னால் நின்றிருந்தாள். கையில் ஈரத்துணி.

"எங்கிருந்தோ கரி ஒட்டினு இருந்துச்சிடா. தொடச்சிட்டேன்" என்றாள். விமானத்தை இரண்டு கையாலும் தூக்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள். "பாரு, அவன் எடுத்துனு போனப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்குது."

"ஆமாம்மா" என்றேன்.