முன் சீட்டு முதலாளி

பள்ளிக்கூடத்தைப் பற்றி வேன் மாமாவுக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது. உள்ளே கால் வைத்ததில்லை, அவ்வளவுதான். பதினொரு வருஷமாகப் பதினெட்டுப் பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு போய் வாசலில் இறக்கி, சாயங்காலம் திரும்ப ஏற்றி வருகிறவர். யாருக்கு அடி விழுந்தது, யார் வகுப்பிலேயே உடுப்பை நனைத்தது, யாரை 'மக்கு' என்று கூப்பிட்டார்கள், எல்லாம் பின் சீட்டிலிருந்து அவர் காதுக்கு வந்துவிடும். பிள்ளைகளுக்கு ஈவு இரக்கம் ஏது? திக்கிப் பேசும் ஒரு பெண்ணை ஓட்டு ஓட்டென்று ஓட்டி, அவள் வேனில் வாயே திறக்காதபடி பண்ணிவிட்டார்கள்.

அதனால்தான் சொந்த மகள் விஷயத்தில் மனிதர் பயந்து செத்தார். ஒரே பெண். மூன்று வயதில்தான் நடந்தாள். ஐந்து வயதாகியும் ஒரு வார்த்தை வரவில்லை.

"சேர்த்துடலாங்க," என்றாள் மனைவி. "நாலு பிள்ளைங்களோட உக்காந்தாத்தானே பேச்சு வரும்."

"முதல்ல பேச்சு வரட்டும். அங்க நடக்கறது உனக்குத் தெரியாது. பிள்ளையப் பிச்சு மேஞ்சிடுவாங்க."

"அப்ப எப்பதான்?"

"அடுத்த வருஷம். கண்டிப்பா."

மனைவி மருந்துக் கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறவள். ஏழு மணிக்குள் ஓடியாக வேண்டும். பிள்ளையை யாரிடம் விடுவது? வேனில் முன் சீட்டில் உட்கார வைத்தார் அப்பா. பின்னால் இருந்த வானரங்கள் அன்றைக்கே அவளுக்கு 'முதலாளி' என்று பெயர் வைத்துவிட்டன.

முதலாளிக்கு வேலையும் உண்டு. கடைசிப் பிள்ளை இறங்கியதும் இவள் குதித்துப் போய், தள்ளுகதவை உடம்பு முழுக்கக் கொடுத்துச் சாத்துவாள். முன் சீட்டில் ஏறி டேஷ்போர்டில் இரண்டு தட்டுத் தட்டுவாள். "உத்தரவு முதலாளி!" என்று அப்பா வண்டியை எடுப்பார். சொல்லிக் கொடுத்தது அவர்தான். அதில் அவருக்கு இருந்த பெருமை இருக்கிறதே!

"எல்லாம் புரியுதுடி அவளுக்கு. ஒருநாள்கூட மறக்கறதில்ல."

"கதவு சாத்தறதுதான் படிப்பா?" என்பாள் மனைவி. அவருக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் இப்படியே போயின. போன மாதம் தலைமையாசிரியை அவரை வாசலில் நிறுத்தினார். நல்ல மனுஷி. "ஏழு முடியப் போகுது. இத விட்டா ஒண்ணாம் வகுப்புக்கு வயசு தாண்டிடும். எங்களுக்கும் சட்டம் இருக்கு. ஒரு வாரம் அனுப்புங்க. உக்காந்தா வெச்சுக்கறேன்."

திங்கட்கிழமை புதுச் சீருடை, ரெட்டைப் பின்னல். பதினெட்டும் இறங்கின. மகளையும் இறக்கி டீச்சர் கையில் கொடுத்தார். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. அட, நம்ம பிள்ளையா என்று அவருக்கே ஆச்சரியம். பிள்ளைகள் எல்லாம் உள்ளே போனதும் அவள் கையை உருவிக்கொண்டு வந்தாள். கதவைச் சாத்தினாள். முன் சீட்டில் ஏறினாள். இரண்டு தட்டு.

தூக்கிக்கொண்டு போய் உள்ளே விட்டார். மூச்சு முட்டும்வரை கத்தினாள். வாட்ச்மேன் பத்து மணிக்கே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார். மறுநாளும் அதே. புதன்கிழமையும் அதே.

வியாழக்கிழமை டீச்சர் சொன்னார். "இவ அடம் பிடிக்கலைங்க. பள்ளிக்கூடம்னா மத்தவங்க இறங்கற இடம்னு நினைச்சிருக்கா. எல்லாரையும் இறக்கிவிட்டா தன் வேலை முடிஞ்சது, அப்பாவோட கிளம்பணும். யார் இப்படிப் பழக்கினது?"

"தெரியலைங்க டீச்சர்," என்றார். பொய் சொன்ன வெட்கத்தில் மகளை இழுத்துக்கொண்டு வேனுக்கு வந்தார்.

வெள்ளிக்கிழமை மகளைச் சேர்க்கக் கொடுத்த விண்ணப்பம் கைக்குத் திரும்பி வந்தது. தலைமையாசிரியை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க. வேற இடம் பாருங்க."

எந்த இடம்? அதைத் தலைமையாசிரியையும் சொல்லவில்லை.

வீட்டில் மனைவி கத்துவாள், இரண்டு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்றுதான் போனார். அவள் சீருடையை மடித்துக்கொண்டே, "இனிமே அடுத்த வருஷம்னு மட்டும் சொல்லாதீங்க," என்றாள்.

திங்கட்கிழமை பழையபடி பதினெட்டும் இறங்கின. மகள் குதித்துப் போய்க் கதவைச் சாத்தினாள். ஏறி உட்கார்ந்து இரண்டு தட்டினாள். அவர் கை சாவிக்குப் போகவில்லை. உள்ளே மணி அடித்தது. அவள் மறுபடி தட்டினாள். அப்பா முகத்தைப் பார்த்தாள்.

"போலாம்," என்றாள்.

இரண்டு வருஷமாக அவர் காத்துக் கிடந்த பேச்சு. ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் வந்தது.

"போலாம்பா," என்றாள் மறுபடி.

பின்னால் வந்து நின்ற வேன்காரர் ஹாரன் அடித்தார். அப்பா வண்டியை எடுத்தார்.