சோடி சேர்த்த நாள்

பரந்தனில் வளர்ப்பு மீன் விற்கும் கடையில், ஒன்றையொன்று கடித்துக் கொல்லும் பைற்றர் மீன்களைப் போத்தலுக்கு ஒன்றாக அடைத்து வைத்திருப்பார்கள். முதல் தடவை பார்த்தபோதே வீரபாகுவுக்கு அது பிடிக்கவில்லை. மலையகத்துத் தேயிலைத் தோட்ட லயமொன்றில் பிறந்து, தகப்பனின் தோளில் உருத்திரபுரத்துக்கு வந்தவர். ஊரார் வயலில் கூலிக்கு நின்று, இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, ஒரு துண்டு வயலைத் தனதாக்கிக்கொண்டவர். எங்கே இருந்தாலும் வீடு நிறைய ஆட்களோடு இருந்தே பழக்கம். பிள்ளைகள் கலியாணம் முடித்துப் போனபின் அவரும் மனைவி பேச்சியம்மாவும்தான். கடையில் வாங்கிவந்த நீல ஆண்மீன் வீட்டுத் தொட்டியில் தனியே சுற்றுவதைப் பார்க்கப் பொறுக்காமல், ஒரு பெண்ணை வாங்கி அதே தொட்டியில் விட்டார்.

விடிந்தபோது பெண் செட்டை கிழிந்து மிதந்தது. இரண்டாவதும் அப்படியே போனது.

"கொலைகாரனுக்குப் பொண்ணு தேடுறதே உங்களுக்கு வேலையாப் போச்சு" என்றார் பேச்சியம்மா.

பிறகுதான் கடைக்காரர் முறையைச் சொன்னார். அடி வெட்டிய போத்தலைத் தொட்டியில் நிறுத்திப் பெண்ணை அதற்குள் விட வேண்டும். அதைப் பார்த்துப் பார்த்து ஆண், தண்ணீரில் மிதக்கவிட்ட வாழைச்சருகின் கீழ் நுரைக்கூடு கட்டும். அதன்பின் போத்தலைத் தூக்கலாம். முட்டையிட்டதும் பெண்ணை எடுத்துவிட வேண்டும். பிந்தினால் ஆண் அடித்தே கொல்லும்.

வீரபாகு ஒரு சிவப்புப் பெண்ணோடு வந்தார். "இதுவும் செத்தா இனி என்ர கையால மீனைத் தொடமாட்டன். தொட்டியைக் கோழிக்குத் தண்ணி வைக்க எடு."

ஆடிப்பிறப்பன்று காலை நுரை தடித்திருந்தது. போத்தலைத் தூக்கிவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்துக் காணி அன்னபாக்கியம் ஒரு சின்னப் பானையில் ஆடிக்கூழ் கொண்டுவந்து பேச்சியம்மாவிடம் கொடுத்துப் போனார். பின்னாலேயே ஒழுங்கையில் பக்கத்து வயல் செல்வநாயகத்தின் குரல் கேட்டது.

"வீரபாகண்ணை! என்ர வயலுக்குத் தண்ணி பாய்ஞ்சு முடிஞ்சுது. ஓடிவந்து திருப்புங்கோ, இல்லாட்டி உங்கட முறைத் தண்ணி கீழ போயிடும்!"

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சைக்கிளில் வயலுக்கு விரைந்தார். வரம்பு உடைப்பைக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் மீன் நினைவுக்கு வந்தது. சேற்றுக் கையோடு வீட்டுக்குப் போன் எடுத்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. தண்ணீர் பாதி வயல்கூட ஏறவில்லை. விட்டுப் போகவும் முடியாது, நிற்கவும் முடியாது. நின்றார்.

வயல் நிறைந்தபிறகு வீட்டுக்குச் சைக்கிளை மிதித்த மிதியில் சங்கிலி இருமுறை கழன்றது.

தொட்டியில் ஆண் மட்டும் இருந்தது. சருகைத் தூக்கிப் பார்த்தார். நிலத்தில் தேடினார். குசினி வாசலில் பூனை மீசையை நக்கிக்கொண்டிருந்தது. வீரபாகு கதிரையில் தொப்பென்று இருந்தார்.

அப்போது அன்னபாக்கியம் பானை கேட்டு வந்தார். குசினித் தட்டில் இருந்த பானையின் மூடியைத் திறந்தவர் "ஐயோ முருகா!" என்று பின்வாங்கினார். "பேச்சியம்மா, சைவப் பானையடி! உள்ள மீன் ஓடுது!"

வீரபாகு எட்டிப் பார்த்தார். வால் நுனி கொஞ்சம் கிழிந்திருந்தது. மற்றப்படி சிவப்பு சிவப்பாகவே சுற்றிக்கொண்டிருந்தது.

பேச்சியம்மா கிணற்றடியிலிருந்து வந்தார். "பாத்திரத்தை வெறுமையாத் திருப்பிக் குடுக்கக்கூடாதெல்லே அக்கா?"

"அதுக்கு மீனே போட்டுத் தாறது!"

"கோவிக்காதேங்கோ, புதுப்பானை வாங்கித் தாறன். முட்டை போட்ட கையோட அடிக்கத் தொடங்கிட்டான். கைக்கு ஆப்பிட்டது இதுதான். கூழை ஊத்தி வைச்சிட்டு, கழுவி, தொட்டித் தண்ணியோடயே மொண்டனான்."

"போன் எடுத்தனான்" என்றார் வீரபாகு.

"கை தொட்டிக்குள்ள. எதால எடுக்கிறது?" பேச்சியம்மா முந்தானையில் முகத்தைத் துடைத்தார். "எங்கட ஆக்களில ஆடி பிறந்தாப் புதுப்பொண்ணைத் தாய் வீட்டுக்குக் கூட்டிப் போறதுதானே."

அன்னபாக்கியத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப என்ர பானைதான் தாய் வீடோ? வைச்சிருங்கோ, வைச்சிருங்கோ. ஆடி கழியட்டும்."

தொட்டியில் ஆண், நழுவி விழும் முட்டைகளை வாயால் ஏந்தி நுரையில் ஒட்டவைத்துக்கொண்டிருந்தது. வீரபாகு கொஞ்சநேரம் பார்த்தார். அப்போதுதான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதது தெரிந்தது.

"எடியே, அந்தக் கூழை எங்க ஊத்தி வைச்சனி?"