பால் மேல் போட்ட பழி

பால் பண்ணையில் அவளுக்கு நாக்கக்கா என்று பெயர். காலையில் லாரியில் வந்து நிற்கும் பாலை முகர்ந்து, ஒரு கரண்டி வாயில் வைத்துத் துப்பி, அவள் "எறக்கு" என்றால்தான் குழாய் மாட்டுவார்கள். முகத்தைச் சுளித்தாளானால் லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். கூட்டிப் பெருக்கும் வேலையில் சேர்ந்து, யார் கையையும் காலையும் பிடிக்காமல் அந்தக் கரண்டி வரைக்கும் வந்தவள்.

அந்தக் கரண்டிக்குத்தான் உலை வைத்தார் அவள் வீட்டுக்காரர்.

மனிதர் தங்கமானவர், சனிக்கிழமை தவிர. தச்சு வேலை. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் கூட்டாளிகளோடு தண்ணி போடுவார். வீட்டுக்கு வந்ததும், பண்ணையில் இவளுக்குச் சும்மா கொடுக்கும் பாலைச் சர்க்கரை போட்டு, ஒரு செம்பு முழுக்க மடக்மடக்கென்று குடிப்பார். "சரக்கோட சூட்டைப் பால் தணிச்சிடும்" என்பது அவர் வைத்தியம். தணித்ததா என்ன? வயிறு பானையாக உப்பும், குமட்டும், அப்புறம் விடியும்வரை கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி வதங்கிப்போய்த் தெருமுனைப் பால்கடையில் நின்றவர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? "அந்தப் பண்ணைப் பால் கெட்டுப்போச்சுப்பா. என் பொண்டாட்டிதான் ருசி பாக்குறா, என்னத்தைப் பாக்குறாளோ!" என்று ஊரைக் கூட்டிவிட்டார். நாலு பேர் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். கடைக்காரர் பண்ணைக்குப் போன் போட்டார். மறுநாள் மேலாளர் அவளைக் கூப்பிட்டார்.

"உங்க வீட்டுக்காரரே சொன்னாராமே. இனிமே உங்க நாக்கை நம்பி நான் எப்படிம்மா லாரியை எறக்குறது? இந்த வாரம் பாக்குறேன். அது பொய்னு தெரியலைன்னா, திங்கக்கிழமை கரண்டியை வேற ஆளுகிட்ட குடுத்துடுவேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது, அதை விழுங்கிக்கொண்டாள். நேரே மருந்துக்கடைக்குப் போய், சரக்குக்கு மேல் பால் குடித்தால் என்ன ஆகும் என்று விசாரித்தாள். சரக்கு உள்ளே போனாலே வயிற்றுக்குள் எரிச்சல் கண்டுவிடும், பாலைச் செரிக்கிற சக்தியும் சில பேருக்குக் குறைந்துபோகும், செரிக்காத பால் குடலில் கிடந்து புளித்துக் காற்றைக் கிளப்பும் என்றார் மருந்துக்கடை அம்மா. "எல்லாருக்கும் இப்படி ஆகாது. ஆனா உங்க வீட்டுக்காரருக்கு ஒத்துக்கலைன்னுதான் தெரியுது."

வீட்டுக்கு வந்து சொன்னால், அவர் காதில் வாங்கினால்தானே!

"பெரிய டாக்டரு வந்துட்டா! குடிக்கிறதையும் பாலையும் எதுக்குடி முடிச்சுப் போடுற?"

"சரி, சரக்கு இல்லாம தெனம் ஒரு செம்பு பால் குடிங்க. இதே பண்ணைப் பால்தான். என்ன ஆகுதுன்னு பாப்போம்."

குடித்தார். ஒன்றும் ஆகவில்லை. ஏப்பம்கூட ஒழுங்கு மரியாதையாக வந்தது. "இந்த வாரப் பால் நல்ல பால்" என்றார், அழுத்தக்காரர்.

விடுவாளா அவள்? சனிக்கிழமை சாயங்காலம், பண்ணைக்குப் போன் போட்ட அந்தக் கடைக்காரரையே வீட்டுக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தாள். வீட்டுக்காரர் வழக்கம்போல ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். இருவர் கண்ணெதிரிலும் ஒரே பாத்திரத்தில் பாலைக் காய்ச்சி, மூன்று பேருக்கும் ஊற்றினாள்.

"வேணாங்க. இப்பவே ஒத்துக்கங்க, அப்புறம் நீங்கதான் அவஸ்தைப்படுவீங்க" என்று கெஞ்சியும் பார்த்தாள்.

"நான் ஆம்பிளைடி! ஊத்து!"

மூவரும் குடித்தார்கள். கடைக்காரர் தன் மகள் படிப்பைப் பற்றி ஆரம்பித்துக் கல்யாணம் வரைக்கும் வருவதற்குள், ஆம்பிளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடினார். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடக்கூட நேரமில்லை.

"அண்ணே, உங்களுக்கு ஏதாச்சும் பண்ணுதா?"

"இன்னும் ஒரு டம்ளர் கிடைக்குமான்னு தோணுதும்மா." கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "மேலாளர்கிட்ட நானே பேசிடுறேன், கவலைப்படாத."

"வேணாம்ண்ணே. சொன்ன வாயே வந்து சொல்லட்டும்."

ஞாயிறு முழுக்க வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவள் தண்ணீர் கொடுத்தாள், நெற்றியைத் துடைத்துவிட்டாள், ஆனால் பிடியை மட்டும் விடவில்லை. "நீங்க குடிக்கிறது எனக்கு வருத்தம்தான். அதைப் பொறுத்துக்கிட்டேன். என் பொழப்புல கை வச்சா பொறுக்க மாட்டேன். நாளைக்கு என்கூட வர்றீங்க."

திங்கட்கிழமை பண்ணை வாசலில் வேறொரு ஆள் கரண்டியோடு நின்றிருந்தான். டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் மேலாளருக்கு முன்னால் போய் நின்றார்.

"பால்ல ஒரு குத்தமும் இல்ல சார். குடிச்சிட்டு வந்து அதுமேலேயே பாலை ஊத்திக்கிட்டவன் நான். வயிறு கெட்டதும் இவ தலையில போட்டுட்டேன்."

டிரைவர்களில் யாரோ கெக்கலித்துச் சிரித்தார்கள். அவர் காது சிவந்துபோனது. எல்லார் முன்னாலும் இப்படிக் குனிய வைத்துவிட்டோமே என்று அவள் நெஞ்சைப் பிசைந்தது. போதும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை.

"தப்பு என்னுது சார்" என்று அவர் முடிக்கும்வரை நின்றாள். பிறகு அந்தப் புது ஆளிடமிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு, முதல் லாரியின் மூடியைத் திறக்கச் சொன்னாள்.