லேடெக்ஸா சிலிகானா

கிணற்றில் விழுந்த மோட்டாரை எடுத்துக் கொடுப்பதுதான் முதலில் என் வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் வரை யார் கிணற்றில் எது விழுந்தாலும் எனக்கு ஆள் வரும். மூச்சைப் பிடித்து இறங்குவேன், கயிற்றைக் கட்டுவேன், மேலே வந்துவிடுவேன். யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை. அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு ஒரு கான்ட்ராக்டர் என்னையும் என் மனைவியின் தம்பியையும் கம்பெனிகளுக்குக் கூட்டிப்போனார். அங்கே கழிவுநீர்த் தொட்டிக்குள் குழாய் அடைத்துக்கொண்டால், தொட்டியைக் காலி செய்யாமல் ஆள் இறங்கி அடைப்பை எடுக்க வேண்டும். முதுகில் காற்று சிலிண்டர், உடம்புக்கு ட்ரை சூட். கால் முதல் கழுத்து வரை ஒரே உடுப்பு. உள்ளே ஒரு சொட்டு போகாது. போகக்கூடிய இடம் மூன்றுதான்: கழுத்து, இரண்டு மணிக்கட்டு. அந்த மூன்று இடத்திலும் மெல்லிய ரப்பர் பட்டை தோலைக் கவ்விக்கொள்ளும். அதற்குப் பெயர் சீல்.

எங்களுக்கு முதலில் வந்தது கறுப்பு லேடெக்ஸ் சீல். சூட்டோடு சேர்த்துப் பசை போட்டு ஒட்டியிருந்தது. தலையை அதற்குள் நுழைப்பது பெரிய பாடு. முடியைப் பிடித்து இழுக்கும். மைத்துனன் ஒரு வழி கண்டுபிடித்தான். வீட்டிலிருந்து சின்ன பாட்டிலில் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து கழுத்தில் தடவிக்கொண்டான். வழுக்கிக்கொண்டு போனது. நானும் தடவினேன். எண்ணெய் பட்டால் ரப்பர் கெட்டுவிடும் என்று எனக்குத் தெரியும். பம்பு செட்டில் எண்ணெய் ஒழுகி பெல்ட் ஊறிப்போனதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன். தெரிந்தும் தடவினேன். மூன்று மாதத்தில் சீல் பிசுபிசுத்து, உருகிய மிட்டாய் மாதிரி ஆகிவிட்டது.

சூட்டுக்கெல்லாம் பொறுப்பான கான்ட்ராக்டரின் எஞ்சினியர் சார் திட்டவில்லை. சூட்டை அனுப்பி, கழுத்திலும் கையிலும் கெட்டியான வளையம் வைத்து வாங்கிவந்தார். இனி பசை வேண்டாம்; சீல் கெட்டால் வளையத்திலிருந்து கழற்றிவிட்டு வேறு ஒன்றை அழுத்தி மாட்டிக்கொள்ளலாம். ஒரு சனிக்கிழமை இரண்டு பெட்டிகளை எங்கள் முன் வைத்தார். ஒன்றில் லேடெக்ஸ், இன்னொன்றில் நீல நிற சிலிகான்.

“நாளைக்கு உங்க ஊர் கிணத்துல ரெண்டையும் போட்டுப் பாருங்கண்ணே. திங்கக்கிழமை வந்து எதுன்னு சொல்லுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் வாங்கப்போறேன். ஸ்பேர் மாத்திக்க வசதி.”

எனக்கு எது வேண்டும் என்பது அப்போதே தெரியும். சொல்லத்தான் முடியவில்லை.

நாலு மாதமாக என் கழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குத் தோல் சிவந்து, தடித்து, அரித்துக்கொண்டிருந்தது. மணிக்கட்டிலும் அப்படியே. சொறிந்து சொறிந்து இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. துண்டைக் கழுத்தில் சுற்றி மறைத்தேன். முழுக்கைச் சட்டை போட்டேன். காரணம், எனக்கு முன்பு அந்தச் சூட்டைப் போட்டவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். அவருக்கும் தோலில் இப்படி வந்து, கழிவுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி அவரை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். வாயைத் திறந்தால் எனக்கும் அதுதான் என்று இருந்தேன். ஆனால் புண்ணோடு அந்தத் தண்ணீரில் இறங்குவது எப்படிப்பட்டது என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கிணற்றுக்குப் போனோம். கசிவைக் கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு முறை உண்டு. முழங்கை வரைக்கும் உலர்ந்த விபூதியைப் பூசிக்கொண்டு சூட்டைப் போடுவோம். தண்ணீர் உள்ளே வந்திருந்தால் வந்த வழி விபூதியில் கோடாகத் தெரியும். என் மனைவி சொம்பில் விபூதி எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். மைத்துனன் பார்ப்பதற்குள், புண் தெரியாதபடி கையிலும் கழுத்திலும் தடிமனாகப் பூசிக்கொண்டேன்.

“இன்னா மாமா, கோயிலுக்கா போறோம்? பட்டையா பூசிக்கினு கீற?” என்றான் மைத்துனன்.

“நீ மொதல்ல பூசு. ரெண்டு மாசமா குளிக்காதவன் மாதிரி கீற” என்றாள் அவள் தம்பியிடம்.

சிலிகானை மாட்டிக்கொண்டு நான் இறங்கினேன். கழுத்தில் அது இருக்கிற மாதிரியே தெரியவில்லை. கால் மணி நேரம் கழித்து மேலே வந்து கழற்றினால் விபூதி பூசினது பூசினபடி இருந்தது. அடுத்து அவன் இறங்கினான். அவன் இடது கை முழங்கை வரை நனைந்துவிட்டது.

“பாத்தியா? இது சொத்த. பலூன் மாதிரி கீது. லேடெக்ஸ்தான் கெட்டி” என்றான்.

என் மனைவி அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விபூதியில் விழுந்திருந்த கோடு, அவன் மணிக்கட்டில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றின் முடிச்சிலிருந்து தொடங்கியது. சீல் தோலைக் கவ்வியது; முடிச்சு அதைத் தூக்கிப்பிடித்து வழி விட்டிருந்தது.

“சீலு மேல பழி போட்டுக்கினு கீறியே. கயித்த அவுருடா.”

“அய்யோ, அம்மன் கோயில்ல கட்னது, அக்கா. தானா அறுந்து வுயணும்.”

“அது அறுந்து வுயறதுக்குள்ள நீ முழுகிப்பூடுவ. மேல ஏத்தி தோள்ல கட்டிக்கோ. அம்மன் ஒண்ணும் கோச்சிக்கமாட்டா.”

அவன் ஒப்புக்கொள்ளவில்லை. லேடெக்ஸ் அழுத்தமாகப் பிடிக்கும், கயிறு இருந்தாலும் அவ்வளவாக வராது என்று அதிலேயே நின்றான். என் புண்ணைப் பற்றி வீட்டில் அவளுக்கு மட்டும் தெரியும். வீட்டுக்கு நடக்கும்போது அவனை முன்னே போகவிட்டு என் மனைவி கேட்டாள்: “நாளைக்கி நீயே சொல்றியா, நான் அந்த சாருக்கு ஃபோன் போடட்டா?”

“நானே சொல்றேன்” என்றேன்.

திங்கட்கிழமை வண்டியில் போகும்போது ஒரே வாக்கியத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். எஞ்சினியர் சார் கேட்டதும் மைத்துனன் முந்திக்கொண்டான்.

“லேடெக்ஸே போதும் சார். ரெண்டு பேருக்கும்.”

“அண்ணே, நீங்க?”

“சிலிகான் மெத்துன்னு கீது சார்” என்றேன். ஓட்டிப் பார்த்தது அவ்வளவுதான்.

“மெத்துன்னு இருந்தா போதுமா? நகம் பட்டாலே கிழிஞ்சிடும். வேற ஏதாவது காரணம் இருந்தா சொல்லுங்க.”

மைத்துனன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். சட்டையின் மேல் பொத்தான் இரண்டையும் கழற்றினேன். சட்டைக் கை இரண்டையும் மடித்துக் காட்டினேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. “இன்னா மாமா இது?” என்றான், வேறு குரலில்.

எஞ்சினியர் சார் எழுந்து கிட்டே வந்து பார்த்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். சொன்னேன். என்னைப் போகச் சொல்லப்போகிறார் என்று நின்றுகொண்டிருந்தேன். அவர் லேடெக்ஸ் சீல் ஒன்றை எடுத்து என் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் தொடாமல் பிடித்தார். சிவந்த பட்டையும் சீலும் ஒரே அகலம்.

“தண்ணியா இருந்தா ஒரு எடத்துல இவ்ளோ அளவா வராதுண்ணே. ரப்பர் தொடுற எடத்துல மட்டும்தான் வந்திருக்கு. உங்களுக்கு இந்த ரப்பர் ஒத்துக்கல. இத நாலு மாசமா வெச்சிக்கிட்டு இருந்தீங்களா?”

இரண்டு பேருக்கும் சிலிகானே சொல்லிவிட்டார். புண் ஆறும் வரை நான் இறங்கக்கூடாது என்றார். அரசு ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்த டாக்டரம்மா, இனி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், ஊசி போடும் முன்பே ரப்பர் கையுறை எனக்கு ஆகாது என்று நானே சொல்ல வேண்டும் என்றார். வாய் திறக்கக் கூச்சப்படுகிறவனுக்கு இப்படி ஒரு வியாதி.

புது சீல் வந்ததும் அளவுக்கு வெட்டிக்கொண்டோம். அதில் படிப்படியாகக் கோடு இருக்கும்; ஒரு நேரத்தில் ஒரு கோடுதான் வெட்ட வேண்டும், அதிகம் வெட்டினால் தண்ணீர் வரும். மைத்துனன் கயிற்றைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டான். எண்ணெய் பாட்டிலை அவன் அக்கா வாங்கி வைத்துக்கொண்டாள். நகம் வெட்டியிருக்கிறானா என்று சூட் போடும் முன்பு நான் பார்க்கிறேன். அவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையை நீட்டுகிறான்.

நான் மறுபடி இறங்கிய வாரத்தில் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பக்கத்து ஊர்க்காரரைப் பார்த்தேன். ஆட்டோவில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் ஒன்றும் இல்லை; சுத்தமாக ஆறியிருந்தது. பேசாமல் தாண்டிப் போயிருப்பேன். ஐந்தாறு அடி போய்த் திரும்பி வந்தேன்.

“அண்ணே, ஒனக்கு அப்போ கழுத்த சுத்தி மட்டும்தானே வந்துது? கையிலயும்?”

“ஆமா. இன்னாத்துக்கு?”

“அது தண்ணியில்லண்ணே. ரப்பரு.”

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “யார் சொன்னது?” என்றார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன்.