தேறிய சாம்பிள்

என் ஆய்வக மேசையில் காகிதம் பறக்காமலிருக்க ஒரு வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டையை வைத்திருக்கிறேன். அண்ணி கொடுத்தது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் பதினாறு வருஷம் அவருக்கு ஒரே வேலை, சூளையிலிருந்து வரும் கட்டைகளைத் தட்டிப் பார்ப்பது. கணீரென்றால் கூடைக்கு, மொத்தையாகச் சத்தம் வந்தால் குப்பைக்கு. கண்ணுக்குத் தெரியாத விரிசல் அவர் காதுக்குத் தெரிந்துவிடும். நான் ஏதாவது பொய் சொன்னாலும் "சத்தம் சரியில்லையே தம்பி" என்பார்.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கோழிக்குஞ்சுகளுக்குச் சோகை பிடிக்க வைக்கும் வைரஸ் ஒன்று உண்டு. அதிலுள்ள ஒரு புரதத்தைப் புற்றுநோய்ச் செல்லுக்குள் விட்டால் நேராக உட்கருவுக்குள் புகுந்து செல்லைச் சாகடித்துவிடும். நல்ல செல்லில் உட்கருவுக்கு வெளியிலேயே சும்மா கிடக்கும். எங்கள் கண்ணாடித் தட்டில் அது அப்படியே நடந்திருந்தது. அண்ணன் கடைக்குப் போயிருந்த நேரம், அடுப்படியில் வெல்லம் தட்டிக்கொண்டிருந்த அண்ணியிடம் போனில் படங்களைக் காட்டினேன்.

"அப்போ கெட்டத மட்டும் பொறுக்கி எடுத்துடுது. நம்ம வேலைதான்" என்று சிரித்தார். பிறகு கையை நிறுத்திவிட்டு, "சாம்பிள் தேறிடுச்சுன்னா அப்புறம் லோடு ஏத்த வேண்டியதுதானே தம்பி?" என்றார்.

பட்டறையில் அதுதான் வழக்கம். முதலில் இரண்டு மூன்று கட்டைகளைச் சுட்டுப் பார்ப்பார்கள். தேறினால் அதே மண்ணைச் சூளை நிறைய அடுக்குவார்கள். ஆனால் தட்டில் வளர்ந்த செல் வேறு, மனுஷி உடம்பு வேறு. ரத்தத்தில் செலுத்தினால் அந்தப் புரதம் கட்டியைப் போய்ச் சேருமா என்றே எங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லியிருக்கலாம். பாராட்டு இனித்தது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

"எத்தினி நாளு ஆவும்?"

"ஒரு வருஷம் அண்ணி."

ஏன் கேட்கிறார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மறுநாள் கிளம்பும்போது, தேறிய சாம்பிள் என்று சொல்லி இந்தக் கட்டையை என் பையில் வைத்தார்.

அவர் மார்பில் அப்போதே கட்டி இருந்திருக்கிறது. டாக்டர் அறுவைக்கு நாள் குறித்தபோது, "தம்பி மருந்து வருது, அறுக்க வேணாம்" என்று அண்ணனிடம் மறுத்துவிட்டார். என் வேலை கெடும் என்று எனக்குச் சொல்லவும் விடவில்லை. எனக்குத் தெரிந்தபோது எலும்பு வரை போயிருந்தது. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும், "இன்னும் லோடு ஏத்தலையா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அனுமதி, விதிமுறை என்று ஏதேதோ உளறினேன். சத்தம் சரியில்லை என்று அவர் சொல்லவில்லை.

சாவு வீட்டில் சொந்தக்காரர்கள், "படிக்காத பொம்பள, வேறென்ன" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் தன் தொழிலை வைத்துச் சரியாகத்தான் யோசித்தார். பொய் சொன்னவன் படித்தவன். அங்கே அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் புரதம் இன்றும் எங்கள் தட்டில் அழகாகத்தான் கொல்கிறது. தட்டைத் தாண்டவில்லை.

போன மாதம் அண்ணன் ஆய்வகத்துக்கு வந்தார். மேசையிலிருந்த கட்டையை எடுத்து விரலால் சுண்டினார். கணீரென்றது.

"நல்ல பீஸுடா. அவ தட்டிப் பாத்துத்தான் குடுத்திருப்பா" என்றவர், அதைத் திரும்பக் காகிதத்தின் மேல் வைத்தார். "நீ என்னமோ சொல்ல, அவளா ஒண்ணு புரிஞ்சிக்கிட்டா. நீ என்ன பண்ணுவ?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.