அக்காவின் இலை

எங்கள் பங்காளிகள் கும்பிடுவது ஒரு பெண்ணையும் அவளை விரும்பிய குதிரைக்காரனையும். வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில் வயலோரமாக அவர்களுக்கு இரண்டு கல் உண்டு. மாசி மாதம் படைப்பு. அவளுக்குச் சேலை, அவனுக்கு வேட்டி வைத்து, ஆக்கிப் படைத்து, எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

படைக்கும் முன் கதை சொல்ல வேண்டும். அதைச் சொல்வது என் அப்பா. எங்கள் வம்சத்துப் பெண் ராஜாவின் குதிரைக்காரனோடு போய்விட்டாள். பெற்றவர்களே அரண்மனைக்குப் போய் முறையிட்டார்கள். இந்த இடத்தை மட்டும் அப்பா வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவார். ராஜா அந்தப் பெண்ணிடம் எதுவுமே விசாரிக்காமல் இருவரையும் எரிகிற சுண்ணாம்புக் காளவாயில் போடச் சொன்னான். அதற்கப்புறம் மழை இல்லை. ராஜா வெறுங்காலோடு நடந்து வந்து, விழுந்து அழுது, இரண்டு கல்லை நட்டான்.

“அந்தப் புள்ளைய ஒரு வார்த்தை கேக்கலையே, பாவி!” என்னும்போது அப்பா வருடம் தவறாமல் அழுதுவிடுவார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்ன இருந்தாலும் கடைசியில நாயத்துக்குக் கட்டுப்பட்டான்ல, அதான் ராசா” என்று முடிப்பார். கூட்டம் உச்சுக் கொட்டும். சின்ன வயதில் நானும் அழுதிருக்கிறேன். இப்போது கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது. ஆளைக் கொன்றுவிட்டுக் கல் நடுவதெல்லாம் ஒரு நியாயமா? செத்தவள் எழுந்து வந்து, சரி போகட்டும் என்றாளா?

அம்மா இல்லாத வீட்டில் எனக்குத் தலை பின்னிவிட்டு வளர்த்தது அக்காதான். திருமயம் மினி பஸ் டிரைவர் ஒருவரை விரும்பினாள். வேறு சாதி. அப்பா ஒரே பிடியாக நின்றதும் கல்யாணம் செய்துகொண்டு திருப்பூருக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து, யார் கேட்டாலும் தனக்கு ஒரே மகள் என்று என்னைக் காட்டினார் அப்பா.

மூன்று வருடம் கழித்து, படைப்புக்கு முந்தின வாரம் அக்கா போன் செய்தாள்.

“படைப்பன்னைக்கு வந்த யாரையும் எலை போடாம அனுப்பக் கூடாதுல்லடி? அப்பா கதை சொல்லி அழுத கண்ணு காயறதுக்குள்ள வந்து பந்தியில உக்காந்துர்றேன். அவரு கையால ஒரு கரண்டி சோறு வச்சிட்டா போதும், அப்புறம் பேசிருவாரு.”

“வாக்கா. எனக்கும் அதான் தோணுது” என்றேன். இரண்டு மடைச்சிகள்! கதைக்கு அழுகிற மனுஷன் மகளுக்கும் அழுவார் என்று நம்பினோம்.

சொன்னபடியே வந்தாள். அத்தான் ரோட்டோரம் பைக்கிலேயே இருந்துகொண்டார். அக்கா பந்தியின் கடைசியில் உட்கார்ந்தாள். இலை போட்டவர் விவரம் தெரியாமல் அவளுக்கும் போட்டுவிட்டார். தண்ணீர் தெளித்துத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அப்பா சோற்று வாளியோடு முன்னால் வர, நான் சாம்பார் வாளியோடு பின்னால் வந்தேன். அக்காவின் இலை வந்தது. அப்பா நடையைக்கூடக் குறைக்கவில்லை, தாண்டிப் போய்விட்டார்.

நான் நின்றேன். அப்பா திரும்பாமலே, “இங்கிட்டு வா, சாம்பாரு ஆறுது” என்றார்.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “போடி, அப்பா திட்டுவாரு” என்றாள், சின்னக் குரலில்.

நான் போனேன். திரும்பிச் சோற்றை அள்ளி வந்து வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஓர் அறை விழுந்திருக்கும், அவ்வளவுதானே? போய்விட்டேன். அங்கன்வாடியில் தினமும் அத்தனை பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறேன், ஒரு தட்டையும் இதுவரை தாண்டியதில்லை. அதைச் சொல்லி யாரிடம் மன்னிப்புக் கேட்பது? சற்று முன் காளவாய்ப் பெண்ணுக்காக மூக்கைச் சிந்திய பந்தியிலும் ஒருவர் வாய் திறக்கவில்லை. அக்கா ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். உறவு விட்டுப்போகக் கூடாது என்று விருந்து வீட்டில் மடிப்பதுபோல, வெறும் இலையைத் தன் பக்கமாகவே மடித்தாள். எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

போன வருடம் மஞ்சள்காமாலை முற்றி திருப்பூரிலேயே போய்விட்டாள். அப்பா வரவில்லை. நான் மட்டும் போய் அவள் முகத்தைப் பார்த்து வந்தேன்.

இந்த மாசியில் அப்பா பங்காளிகளைக் கூப்பிட்டு, “எம்மகளுக்கும் ஒரு சேலை வச்சுக் கும்பிடணும்” என்றார். ஒருவர் மறுக்கவில்லை. உயிரோடு வந்தபோது சோறில்லை, செத்ததும் சாமி.

“அத்தானுக்குச் சொல்லலையாப்பா?” என்று கேட்டேன். காதில் விழாததுபோலத் துண்டை உதறினார். ராஜாவாவது இரண்டு கல் நட்டான்.

அன்று அப்பாவால் கதையை முடிக்க முடியவில்லை. ஒரு வார்த்தை கேக்கலையே என்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டார். வாய்விட்டு, பிள்ளைபோல அழுதார். எனக்கும் அழுகை முட்டியது, இந்தக் கிழவர்மேல் இரக்கமாகவும் இருந்தது, அதுதான் கொடுமை. சேலைக்கு முன் இலை போட்டு என்னைச் சோறு வைக்கச் சொன்னார். வைத்தேன்.

“இன்னும் வையி ஆத்தா. பசியோட போனவ.”

வைத்தேன். இலை நிறைந்து சோறு மண்ணில் சரிந்தது.

“இன்னும் வையி.”

“ஒரு கரண்டி போதும்னுதாம்ப்பா வந்தா” என்றேன்.