பெர்லின் அண்ணனின் நிழல்

பெர்லின் அண்ணனுக்கு ரப்பர் பால் வெட்டு வேலை. சிதறால் பக்கம் எங்கள் சபையில் வருசத்துக்கு ஒருநாள் ஊருக்கே சோறு போடும் அசனத்துக்கு இருபத்திரண்டு வருசமாக அவர்தான் தலைமைச் சமையல். எதையும் அளந்து போட மாட்டார். மூடியைத் திறப்பார், ஆவியை மோந்து பார்ப்பார், "உப்பு இன்னும் ஒரு கை" என்பார். தப்பினதில்லை.

நான் எட்டாவதோடு நின்று லாரி ஓட்டப் போனவன். அசனக் கமிட்டியில் சத்தம் போடுகிற ஆள்.

போன வருசம் அசனத்துக்கு முந்தின மாசம், தக்கலையில் மனநல ஆலோசகராக இருக்கும் ஜாஸ்மி எங்கள் ஆண்கள் சங்கத்தில் வகுப்பு எடுத்தாள். ஒவ்வொரு மனசிலும் ஒரு திறமை முன்னால் நிற்குமாம். அதற்கு எதிரானது நிழலில் கிடக்குமாம். எங்கள் எல்லாருக்கும் கேள்வித்தாள் கொடுத்துப் பார்த்ததில், அண்ணனுக்கு முன்னால் நிற்பது கண்ணும் மூக்கும் நாக்கும். நிழலில் கிடப்பது இன்னும் வராததை யோசிப்பது.

"ரொம்பத் தளந்து போனா நிழலு முன்னால வரும் மாமா. பழக்கமில்லாததுனால கெட்டதாவே காட்டும். அப்போ ஆளுக்கு ஓய்வு குடுக்கணும்" என்றாள். நான் முதல் பாதியைத்தான் பிடித்துக்கொண்டேன்.

அசனத்தன்று காலை அரிசி போடுகிற நேரம் அண்ணன் தடுத்தார். "இப்ப வேண்டாம் மக்கா. மழ வரும், பந்தல் விழும். எனக்குத் தோணுது."

வானம் வெளுத்துக் கிடந்தது.

"அண்ணே, இது உம்ம நிழலு பேசுது. அடுப்ப விட்டுட்டு ஓரமா போய் இரும்" என்றேன்.

"பெர்லினுக்குச் சோசியம் பிடிச்சிட்டுடே" என்றான் அரிசிக் கூடையோடு நின்ற செல்வன். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் சட்டுவத்தை வைத்துவிட்டு நடந்தார். மழை வரவில்லை. பந்தி முடியும்வரை எனக்குப் பெருமைதான்.

சாயங்காலம் ஜாஸ்மி வந்தாள். "குளோரி அக்காவ நாகர்கோவில் ஆஸ்பத்திரில சேத்து மூணு நாளாச்சு மாமா. பெர்லின் அண்ணன் பொண்டாட்டி கட்டிலுக்குப் பக்கத்துல முழிச்சிருந்துட்டு நேரா அடுப்புக்கு வந்திருக்காரு. நான் ஆள வெரட்டவா சொல்லித் தந்தேன்?"

ஆஸ்பத்திரிக்குப் போய், "தப்பு பண்ணிட்டேன் அண்ணே" என்றேன்.

"இல்ல மக்கா. நீ சொன்னது சரிதான். மழ வரலியே."

வைதிருந்தால் தாங்கியிருப்பேன். என் தாளில், முன்னால் நிற்பது நறுக்கென்ற நியாயம் என்று போட்டிருந்தது. நிழலில் என்ன கிடக்கிறது என்று நான் கேட்கவே இல்லை.

குளோரி அக்கா தேறிவிட்டார். இந்த வருசம் அண்ணனை மூன்று தடவை சமையலுக்குக் கூப்பிட்டோம். "எனக்கு எம்மேலயே நம்பிக்க இல்ல" என்றுவிட்டார்.

அசனத்தன்று ஊரோடு ஊராகப் பந்தியில் உட்கார்ந்திருந்தார். சோற்று வாளியோடு அவர் இலைக்கு வந்தேன். சோறு குழைந்திருந்தது எனக்கே தெரிந்தது.

"போதுமா அண்ணே?"

"போதும் மக்கா."

முகத்தைப் பார்க்காமல் அடுத்த இலைக்கு நகர்ந்தேன்.